ஒரே துளை, இரண்டு வரி

2024 ஜூன் 12, புதன்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, கஸ்தூரிரங்கன் சார் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையிலிருந்து பின்வாசல் வழியாக வெளியேறினார். மேலே மருத்துவமனையின் பச்சைக் கவுன், கீழே சொந்தப் பேன்ட். எலும்பு மஜ்ஜை எடுப்பதற்காக அவரைப் படுக்கச் சொல்லியிருந்தார்கள். தட்டில் இருந்த ஊசியைப் பார்த்தார். பாத்ரூம் எங்கே என்று கேட்டார். ஆட்டோ பிடித்துவிட்டார். சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சட்டை கைமாறிக் கைமாறி பில்லிங் கவுன்டருக்கு வந்தது. அங்கே இருந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு சித்திகா அக்கா. இரண்டு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. வீட்டில் உட்காரப் பிடிக்காமல், அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் அங்கே போயிருந்தேன்.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. கணவர் உமர் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அக்கா பி.காம். படித்தவர், பதினாலு வருஷமாக அதே கவுன்டர். சேர்ந்த இரண்டாம் மாதம், எல்லம்மா என்ற பெண் மகனுக்காகப் பணம் கட்ட வந்தவர், பில்லில் ஒரு வரியைக் காட்டி, "இது இன்னாம்மா? எம் புள்ளைக்கு இன்னா பண்ணாங்கோ?" என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்குத் தெரியவில்லை. லிஸ்டில் இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் மாடிக்குப் போய், டாக்டரிடம் அனுமதி கேட்டு, அதைச் செய்வதை ஓரமாக நின்று பார்த்தார். அன்றிலிருந்து, ஒரு தடவையாவது கண்ணால் பார்க்காத எதற்கும் அவர் பில் போடுவதில்லை.

மஜ்ஜை எடுப்பதை மூன்று தடவை பார்த்திருக்கிறார். இடுப்புக்குப் பின்னால் மரத்துப்போக மருந்து போட்டு, எலும்புக்குள் ஊசியை இறக்கி, சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சுவார்கள். பிறகு அதே துளை வழியாக வேறொரு ஊசியை விட்டு, தீக்குச்சி கனத்தில் எலும்புத் துணுக்கு ஒன்றை எடுப்பார்கள். கம்ப்யூட்டர் இதை இரண்டு பரிசோதனையாக எண்ணி, அறைக் கட்டணத்தை இரண்டு முறை போடும். ஒரே துளைக்கு இரண்டு அறையா என்று அக்கா முதல் வருஷமே மேலாளரோடு மல்லுக்கு நின்று, இரண்டாவது வரியைக் கையால் நீக்க அனுமதி வாங்கினார். அன்று முதல் ஒவ்வொரு தாளிலும் நீக்கிவிட்டுத்தான் அச்சடிப்பார்.

மதியம் டாக்டர் கவுன்டருக்கே வந்தார். "மூணு மாசமா அவருக்கு ரத்த அணு எல்லாமே குறைஞ்சுகிட்டே வருது. காரணம் தெரியாம நான் என்ன மருந்து கொடுக்கறது? தள்ளிப் போடக் கூடாது."

சார் போனில் சொன்னது வேறு. கட்டிய முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அதற்கு அவர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பரிசோதனை ரத்து.

மாலையில் அக்கா அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டார். செலவு மதிப்பீட்டுத் தாள் ஒன்றைப் புதிதாக அச்சடித்தார். சட்டையை மடித்துப் பையில் வைத்தார். "சும்மாதானே இருக்கே அனம், வண்டிய எடு."

பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய தெருவில் சார் வீடு. அவருடைய மனைவி அபிதகுஜாம்பாள் கதவைத் திறந்தார்.

"வாங்கோ. கவுனோடதான் உக்காந்திருக்கார். அதுவும் நன்னாத்தான் இருக்கு."

"கையெழுத்து எங்கே போடணும்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"போடலாம் சார். முதல்ல எதை ரத்து பண்றோம்னு பாத்துடுங்க," என்று அக்கா மதிப்பீட்டுத் தாளை நீட்டினார்.

சார் முப்பத்தோரு வருஷம் தணிக்கை அலுவலகத்தில் இருந்தவர். கண்ணாடியை மாட்டினார். நாலாவது வரியில் விரல் நின்றது. ஏழாவது வரிக்குப் போனது. திரும்ப நாலுக்கு வந்தது.

"ரூம் சார்ஜ் ரெண்டு தடவை போட்டிருக்கே. எனக்கு எத்தனை ரூம்?"

"ஒண்ணுதான் சார்."

"அப்போ இது தப்பு."

"ரெண்டும் ஒரே துளையில முடிஞ்சா தப்புதான் சார். இன்னொரு பக்கம் மறுபடி ஆரம்பிக்க வேண்டி வந்தா சரி. டாக்டர் எழுதிக் கொடுத்தா ஒண்ணை எடுத்துடுவேன்."

"எழுதி வாங்குங்க."

"செஞ்சாத்தானே சார் எழுதுவார்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் படிவத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "ரத்து பண்ணிட்டா இந்தத் தப்பு அப்படியே நின்னுடும். அடுத்தவன் தலையில விடியும்."

"அவன் கணக்குப் பாக்க மாட்டான் சார், பாவம்."

"வலிக்குமா?" இதை மெதுவாகத்தான் கேட்டார்.

"சிரிஞ்சை இழுக்கறப்போ ஒரு நொடி சுருக்குனு இழுக்கும். அதை நான் பில்லுல போடறதில்ல."

மாமி சிரித்துவிட்டார். "கவுனைக் கழட்டுங்கோ. தோய்ச்சு இஸ்திரி போட்டுத் தரேன்."

மறுநாள் இஸ்திரி போட்ட கவுனில் சார் ஒருக்களித்துப் படுத்தார். அக்கா கதவோரம் நின்று பார்த்ததைப் பிறகு என்னிடம் நடித்தே காட்டினார். மருந்து போட்டதும் சார் கேட்டாராம், "இது முதல் துளைதானே?" லேப் டெக்னீஷியன் அபிகாயில் கண்ணாடித் தகட்டைச் சாய்த்து, ரத்தத்தில் ரவை போல மின்னிய மஜ்ஜைத் துணுக்குகளைப் பார்த்து, "வந்துடுச்சு டாக்டர்" என்றிருக்கிறார். இரண்டாவது ஊசி போனதும், "இது எந்தத் துளை?"

"அதேதான் சார். ஆடாதீங்க."

"எழுதிடுங்க டாக்டர்."

பில்லில் ஒரு வரி குறைந்தது. சார் ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்டு வாங்கிக்கொண்டார். எட்டு நாளில் முடிவு வந்தது: பயந்தது எதுவும் இல்லை, பி12 பற்றாக்குறை. மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கிய சத்து மாத்திரைகளால் ரத்தப் பரிசோதனையில் அது தெரியாமல் போயிருக்கிறது. ஊசி ஆரம்பித்தார்கள். இந்த ஊசிக்கு அவர் ஓடவில்லை.

அடுத்த பிப்ரவரியில் நான் கேளம்பாக்கத்தில் ஒரு வேலையில் நாலு மாதம் தாக்குப்பிடித்திருந்தேன், அது எனக்கு அதிகம். ஒரு மதியம், சாரிடமிருந்து வந்த செய்தியை அக்கா எனக்கு அனுப்பினார்:

"ஹீமோகுளோபின் 13.4. மற்ற அணுக்களும் சரியான அளவில். இன்று ஊசிக்குக் காத்திருந்தபோது, மஜ்ஜை பரிசோதனைக்கு வந்திருந்த மூன்று பேரின் மதிப்பீட்டுத் தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மூன்றிலும் அறைக் கட்டணம் ஒரு முறைதான். கவுன்டரில் வேறொருவரிடம் விசாரித்தேன், பல வருஷமாகவே அப்படித்தானாம். ஆகவே 12.06.2024 தேதியிட்ட என் தாளில் மட்டும் இரண்டு வரி வந்தது எப்படி என்று புரிந்துகொண்டேன். ஆட்சேபணை கைவிடப்படுகிறது. கஸ்தூரிரங்கன்."