விதை எண்ணைக் குறிக்காத காலை

பச்சைச் சாளை மீனின் வாடை எங்கிருந்து வந்தாலும் எனக்கு நினைவுக்கு வருவது எங்கள் சாலைச் சந்திப்பின் பழைய பஸ் ஸ்டாப்தான். குளச்சலில் ஏறி, திங்கள்சந்தை தாண்டி, தெருத்தெருவாய் மீன் விற்கும் அக்கா சுமையோடு அங்கே இறங்குவார். அவர் வந்து நிற்கும் முதல் வாசல் என்னுடையது. வீட்டிலேயே வேலை, தனி ஆள். பல நாள் நான் வாய் திறந்து பேசியது அவரிடம் மட்டும்தான்.

சந்திப்பில் நெரிசல். ஸ்டாப்பைத் தூரமாக மாற்றலாமா என்று கணினியில் போக்குவரத்தை ஓட்டிப் பார்க்கும் வேலை, எங்கே சுற்றியோ என்னிடமே வந்தது.

"மாத்தினா ஒனக்க தெருவுக்கு நான் வரமாட்டேன் மக்கா. இந்த முட்டுவலிய வச்சிட்டு யாரு அம்புட்டு தூரம் நடக்க?" என்றார் அக்கா, நான் சொன்னதும்.

ஒரு காலை நேரத்தை ஓட்டினேன். ஸ்டாப் இருந்த இடத்திலேயே இருக்க, பஸ்களும் பைக்குகளும் திரையில் தண்ணீராய் வழுக்கிப் போயின. பிடித்த விடை. அதோடு நிறுத்திவிட்டேன்.

"மாத்த வேண்டாம்னு கம்ப்யூட்டரே சொல்லிட்டுக்கா."

"அதுக்கு உள்ள அறிவு மனுசனுக்கு இல்ல, பாத்தியா!" இரண்டு சாளை கூடுதலாக விழுந்தது.

மேலாளர் போனில் கேட்டது ஒன்றே: "விதை எண் என்ன?" ஒவ்வொரு ஓட்டத்திலும் எந்த வண்டி எப்போது வரும் என்பதை முடிவுசெய்யும் தொடக்க எண் அது. அதையே கொடுத்தால் அதே பஸ் அதே நொடியில் மறுபடி வரும். எண் மாறினால் அது வேறொரு காலை. நான் குறிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து நிரலே ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று, என் பிறந்தநாள், போன் எண்ணின் வால் என்று கொடுத்துக்கொண்டே இருந்தேன். எல்லாக் காலையிலும் ஸ்டாப்புக்குப் பின்னால் பஸ் தேங்கி, வரிசை வளைவு தாண்டி நீண்டது; ஸ்டாப்பைத் தள்ளி வைத்தால் கலைந்தது. என் காலை பொய்யில்லை, ஏதோ ஓர் எண்ணுக்குள் ஆளில்லாமல் கிடக்கிறது. ஆனால் அது ஒரே ஒரு காலை. ஸ்டாப்பை மாற்றலாம் என்றே அறிக்கை எழுதினேன்.

அக்காவிடம் சொல்லத் தைரியமில்லாமல் நாள் கடத்தினேன். ஸ்டாப் மாறுவதற்கு முந்தின நாள், சேதி தெரிந்து அவரே கேட்டார்.

"நல்லா வந்துன்னு சொன்னியே?"

"ஒரே தடவைதான்க்கா ஓட்டினேன். பிறகு ஓட்டினதெல்லாம் நெரிசல்."

"ஏலே, ஒரு மீனுக்க செவுளப் பாத்துட்டு மொத்தக் கூடையையும் நான் ஏலம் எடுப்பனா?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுமையைத் தலைக்குத் தூக்கிவிட்டேன்.

"மீன் வேணும்னா இனி நீதான் அங்கோட்டு வரணும். வருவியா?"

"வருவேன்க்கா."

"நீயா? வீட்ட விட்டு எறங்க மாட்ட மக்கா. செரி, போயிட்டு வாறேன்."