மேலேறும் கம்பி

என் ஓரகத்திக்கு இரண்டாவது பிரசவமும் ஆபரேஷன்தான். உடனே இன்னொன்று உண்டானால் உயிருக்கே ஆபத்து என்று காப்பர்-டி போட்டு அனுப்பினார்கள். அதன் நூல் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஊர்ப் பெண்கள்தான் வண்டி வண்டியாகக் கதை சொன்னார்கள்.

அந்தக் கம்பி உடம்புக்குள் மேலே ஏறுமாம். நெஞ்சைத் தொட்டால் அவ்வளவுதானாம். கோடை இடி இடித்த ஒரு மத்தியானம், மாந்தோப்புக் கொட்டகையில் எல்லாரும் ஒதுங்கினோம். "செம்பு இடிய இழுக்கும். நீ அந்தாண்ட நில்லும்மா" என்றாள் ஒருத்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ வயிற்றைப் பிடித்தபடி சாரலில் போய் நின்றாள்.

அதன் பிறகு சோறு பிசையும்போதே கை நின்றுவிடும்.

"அக்கா, நவுர்துக்கா."

முதலில் இடுப்போரம், பிறகு தொப்புளுக்குக் கீழே. நான் கை வைத்தால் ஒன்றும் தட்டுப்படாது. அவள் கண் மட்டும் எதையோ பின்தொடர்ந்துகொண்டிருக்கும். வாயு என்று அதட்டினேனே தவிர, அவள் பக்கத்தில் படுக்க எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

இடுப்பு வலி அதிகமானதும், கம்பி முதுகெலும்பில் சிக்கிக்கொண்டது என்று முடிவு செய்து புத்தூருக்கு, எலும்புக் கட்டுப் போடுகிறவரிடம் போனோம். கூத்துதான். அவர் முதுகை அழுத்திப் பார்த்து, "எலும்பு நல்லா கீது. ஸ்கேன் எடுங்க" என்று அனுப்பிவிட்டார்.

திருப்பதியில் ஸ்கேன் அறை இருட்டாகவும் சில்லென்றும் இருந்தது. டாக்டரம்மா வெகுநேரம் தேடினார்.

"காப்பர்-டி எக்கடா லேதம்மா."

எங்கேயும் இல்லை. எப்போதோ தெரியாமல் விழுந்திருக்கிறது. அவள் சிரித்தேவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

"அப்ப உள்ள நவுர்றது இன்னா மேடம்?"

டாக்டரம்மா ஒரு பொத்தானை அழுத்தினார். தடதடவென்று ஒரு சத்தம் அறை முழுக்க ஓடியது. இரண்டு பெற்றவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பால் குடிக்கிற பிள்ளை கையில் இருக்க, தீட்டு வராததைக்கூட நாங்கள் கம்பியின் கணக்கில்தான் எழுதியிருந்தோம்.

அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"அந்தக் கம்பியே நெஞ்சு வரிக்கும் ஏறியிருக்கலாமேக்கா" என்றாள்.