சேமித்ததும் ஏறிவிடும்

போர்டுக்காரி என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வாஷிங் மெஷின் செத்துப்போனால், அதன் போர்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தால் போதும்; சிப்புக்குப் புது புரோகிராம் எழுதி ஏற்றி உயிர் கொடுத்துவிடுவாள். அவளுடைய கம்ப்யூட்டரோ அரதப் பழசு. பெரிய மென்பொருள் எதைப் போட்டாலும் அப்படியே படுத்துக்கொள்ளும். அதனால் புரோகிராம் எழுத ஒரு குட்டி எடிட்டரை வைத்துக்கொண்டு, வேண்டியதையெல்லாம் பிளகின்கள் என்கிற சின்னச் சின்ன ஒட்டு புரோகிராம்களாக அதில் சேர்த்துக்கொண்டாள். ஒன்று பிழையைக் காட்டும். இன்னொன்று சென்சாரிலிருந்து வருவதைக் கோடாக வரையும். மூன்றாவது அவளே எழுதியது: கோப்பைச் சேமித்த நொடியே, கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் போர்டில் புரோகிராம் ஏறிவிடும். எந்தப் போர்டில் என்று கேட்காது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

அந்த மூன்றாவதுதான் அன்று காலை குடியைக் கெடுத்தது.

கணவர் பஸ் ஓட்டியவர். தசைகளை ஒவ்வொன்றாகத் தின்னும் நோய் வந்து, பேச்சும் போய், ஒரே ஒரு விரல் மட்டும் பாக்கி இருந்தது. அந்த விரலுக்காக அவள் ஒரு பெட்டி செய்திருந்தாள். திரையில் எழுத்துகள் ஓடும். வேண்டிய எழுத்து வரும்போது அவர் அழுத்தினால் அது நிற்கும். விரல் தளரத் தளர, எவ்வளவு அழுத்தம் போதும் என்பதைப் பெட்டியே குறைத்துக் குறைத்து நினைவில் வைத்துக்கொள்ளும். சார்ஜ் ஏறட்டும் என்று அதே கம்ப்யூட்டரில் அதைச் செருகியிருந்தாள். அதை மறந்து, வாஷிங் மெஷின் புரோகிராமைச் சேமித்தாள். பெட்டி 'பீப்' என்றது. திரையில் "அலசல்" என்று வந்தது.

"ஐயையோ! என்னங்க, உங்க பெட்டியில ஏத்திட்டேங்க!"

அவர் கண்ணில் சிரிப்பு வந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைக்கலாமா என்று கேட்க டாக்டர் மதியம் வருகிறார். வைத்தால் சில வருஷம் இருப்பார். வைக்காவிட்டால் மழைக்காலம் தாண்டமாட்டார். பதிலை அவரே சொல்ல வேண்டும்.

பெட்டியின் பழைய புரோகிராம் அவளிடம் இருந்தது; அதைத் திரும்ப ஏற்றினாள். ஆனால் அவர் விரலுக்கென்று பெட்டி நினைவில் வைத்திருந்த அளவு அழிந்துபோயிருந்தது. அழுத்தத்தின் அளவைக் குறைத்துச் சேமித்தாள். அவர் அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் குறைத்தாள். மின்விசிறி அதிர்வதற்கே எழுத்துகள் கன்னாபின்னாவென்று நின்றன. கல்லில் நார் உரிக்கிற வேலைதான்.

நாத்தனார் அவள் காதருகே குனிந்தாள். "எதுக்கு அண்ணி இந்தப் பாடு? அண்ணனால பதில் சொல்ல முடியலன்னா, குழாய் வைக்க நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்னு டாக்டரே சொல்லியிருக்காரு. பெட்டி கெட்டுப்போச்சுன்னு விட்டுடுங்க. யாரு கேக்கப்போறா?"

காலையிலிருந்து அவள் மனசும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் அவளால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை.

"நீ சும்மா இரும்மா" என்று சொல்லி மின்விசிறியை நிறுத்தினாள். கோடு வரையும் பிளகினைத் திறந்தாள். "என்னங்க, ஒரே ஒரு தடவை அழுத்துங்க."

கோடு நேராகவே போனது. பிறகு ஓர் இடத்தில் எறும்பு அளவுக்கு மேடு எழும்பி அடங்கியது. அவ்வளவுதான் அவரிடம் மிச்சம். அதைப் பார்த்து வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே அந்த மேட்டுக்குக் கீழே அளவை வைத்துச் சேமித்தாள். எழுத்துகள் ஓடின. விரல் ஒன்றை நிறுத்தியது.

டாக்டர் வந்தார், கட்டிலருகே உட்கார்ந்து, நிதானமாக எல்லாவற்றையும் விளக்கிவிட்டுக் கேட்டார். எழுத்துகள் ஓடின, நின்றன, ஓடின.

"வேண்டாம்."

நாத்தனார் பொய் சொல்லத் தயங்கவில்லை. "டாக்டர், அந்தப் பெட்டி காலையிலேயே கெட்டுப்போச்சு. தானா ஏதேதோ காட்டுது!"

டாக்டர் போர்டுக்காரியின் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா? பெட்டி சரியா இல்லையா?"

சரியா இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கணவர் பிழைத்துக் கிடப்பார். அவருடைய விரலைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"சரியாத்தான் இருக்கு டாக்டர்" என்றாள்.