ஏழு கோடாலிக்கு ஊதியவள்

எட்டு வயதிலேயே எனக்குத் துருத்தி ஊதுவது கைவந்துவிட்டது. உளுந்தூர்பேட்டை ரோட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்த எங்கள் ஊரில், இரும்பு வேலை செய்கிற வீடு எங்களுடையது ஒன்றுதான். அப்பா குறட்டால் இரும்பைப் பிடித்து, அடைகல்லின்மேல் வைத்துச் சின்னச் சுத்தியால் இடம் காட்டுவார். அம்மா அந்த இடத்தில் சம்மட்டியை இறக்குவாள். உலைக்குக் காற்று கொடுப்பது என் வேலை. கல்வராயன் மலையிலிருந்து வரும் கரி சட்டென்று பிடித்துக்கொள்ளும். துருத்தி இழுக்கிற கை அவசரப்பட்டால் இரும்பு பொறி விட்டு எரிந்து வீணாகிவிடும். அப்பா யாரையும் லேசில் மெச்சுகிறவர் இல்லை. என் கையை மட்டும் பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார். அந்தப் பெருமைதான் எங்கள் குடியைக் கெடுத்தது.

இட ஒதுக்கீடு கேட்டு ரோடு மறியல் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த நேரம். மறியலுக்கு முந்தின நாள், விடிந்ததிலிருந்து பொழுது சாய்வதற்குள் ஏழு கோடாலிகள் பட்டறைக்கு வந்தன. ஒரு மாதத்தில்கூட எங்களுக்கு அத்தனை கோடாலி வராது. தேய்ந்த வாய்க்கெல்லாம் பழைய லாரி வில்பட்டையில் வெட்டிய எஃகுத் துண்டை வைத்து, காய்ச்சி ஒட்ட அடித்தார் அப்பா. பிறகு வாயைத் தேய்த்து, சூட்டில் எஃகின்மேல் வைக்கோல் நிறம் ஓடிவரும் நேரம் பார்த்துத் தண்ணீரில் தோய்த்தார். எதற்கென்று அவர் ஒருவரையும் கேட்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை களத்தில் எங்களுக்கு நெல் அளப்பவர்கள் அவர்கள். அம்மாதான் கேட்டாள்.

"ஊர்ல அல்லாருக்கும் ஒரே நாள்ல வெறகு தீந்துபூடுச்சா?"

"நீ அடி" என்றார் அப்பா.

மறுநாள் ரோட்டில் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. நாங்கள் பிள்ளைகளெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தோம். பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. விழுந்த மரத்தின் கிளையில் உட்கார்ந்து புளியம்பிஞ்சு தின்றோம். வெட்டுவாய் எவ்வளவு வழவழப்பாக இருந்தது என்று வந்து சொன்னேன். அப்பா அன்று சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் போலீஸ் வந்தது. ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் சவுக்குத் தோப்புக்குள் போய்விட்டார்கள். பட்டறைக்கு வந்தது ஒரு ஏட்டும் இரண்டு போலீஸ்காரர்களும்.

"எவன் எவனுக்குடா கோடாலி அடிச்சுக் குடுத்த?"

"ஏர்க்கொழு மட்டுந்தாங்க அடிச்சேன். கோடாலின்னு ஒண்ணும் வர்லீங்க."

கன்னத்தில் ஒன்று விழுந்தது. லத்தியால் முழங்காலுக்குக் கீழே இரண்டு. அப்பா அடைகல்லைப் பிடித்துக்கொண்டு நின்று, அதையே திரும்பச் சொன்னார். அம்மா அழுதாள். நான் துருத்திக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தேன். ஏட்டு என்னைப் பார்த்தார், குந்தி உட்கார்ந்தார். நல்ல முகம். என் வயதில் அவருக்கும் ஒரு பெண் இருந்திருக்கலாம்.

"இன்னா பாப்பா, இத்தாம்பெரிய துருத்திய நீயா ஊதற? பொய்யி."

"நாந்தான்."

"போ பாப்பா. கை வலிச்சு வுட்டுட்டு ஓடிப்பூடுவ."

"அன்னிக்கு ஏழு கோடாலிக்கும் நாந்தான் ஊதனேன்."

"ஏழா? ஒனக்கு எண்ணத் தெரியுமா?"

எனக்கா எண்ணத் தெரியாது! வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி கைகட்டி நின்று, வந்த வரிசை தவறாமல் சொன்னேன். மேலத்தெரு பெரியப்பா, அவர் தம்பி, ரைஸ்மில் அண்ணன், மோட்டுக்கொல்லை மாமா என்று ஒவ்வொருவராக. கடைசியாக டீக்கடை மாமா. ஏட்டு என் தலையைத் தடவிவிட்டு எழுந்தார்.

ஏழு பேரையும் தேடித் தேடிப் பிடித்தார்கள். மற்ற வீடுகளின் கதவைக்கூடத் தட்டவில்லை. அப்பாவையும் அவர்களோடு வேனில் ஏற்றினார்கள். ஆனால் மறுநாளே விட்டுவிட்டார்கள். மற்றவர்கள் வர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. டீக்கடை மாமா மரம் வெட்டப் போகவே இல்லையாம். அடுப்புக்கு விறகு பிளக்கத்தான் கோடாலியைக் கொடுத்திருக்கிறார். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். இருமும்போதெல்லாம் ரத்தம் வந்தது. பொங்கலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்.

கருமாதி முடிந்ததும் மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். நானும் அம்மாவும் வேப்பமரத்தண்டை பெண்களோடு நின்றோம். மேலத்தெரு பெரியப்பாவுக்குக் கை இன்னும் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது.

"நேரா எங்க வூட்டுக்கே வந்தான்யா போலீசு. சொன்னது யாரு?"

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"நாந்தாங்க சொன்னேன்."

"இன்னாய்யா சொல்ற?"

"அடி தாங்கலீங்க. வாய் தவறிச் சொல்லிட்டேன். வேற யாரும் ஒண்ணும் சொல்லல."

டீக்கடை மாமாவின் பெண்சாதி மண்ணை வாரி அப்பா முகத்தில் போட்டாள். அவர் துடைத்துக்கொள்ளவில்லை. நான் "இல்ல, நாந்தான்" என்று கத்த வாயெடுத்தேன். அம்மாவின் உள்ளங்கை என் வாயை அடைத்தது. சம்மட்டி பிடித்துக் காய்த்த கை. கடித்தேன். அவள் எடுக்கவில்லை.

இனி எங்களிடம் யாரும் ஓர் அரிவாள்கூடக் கொடுப்பதில்லை என்று பேசி முடித்தார்கள். மறுநாள் துருத்தித் தோல் குறுக்கே கிழிந்து கிடந்தது. அடைகல்லையும் குறட்டையும் சம்மட்டியையும் ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு, அப்பாவுக்குக் கரி போடுகிறவர் இருந்த கல்வராயன் மலையடிவாரத்துக்குப் போனோம். மலைக்காரர்களுக்குக் களைக்கொத்து அடித்துத்தான் அப்பா மிச்சக் காலத்தை ஓட்டினார். அந்த நாளைப் பற்றி அவர் சாகும்வரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

லாரியில் போகும்போது, கள்ளக்குறிச்சி தாண்டியதும், அப்பா என்னை மடியில் இழுத்து உட்காரவைக்கப் பார்த்தார். நான் போகவில்லை. பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று என்னை மிரட்டியவர், அடிவாங்கியபோதுகூட ஒரு பெயரும் சொல்லாதவர், அத்தனை பேர் முன்னாலும் பொய் சொல்லியிருந்தார். அதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருந்தது. ஒரு பெயர் விடாமல், வரிசை தப்பாமல் சொன்னது நான். அதைத் தானே சொன்னதாக அவர் சொல்லிக்கொண்டார். மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை.