இருபத்தொன்று எடுத்தவர்

என் மாமா ஹோசியா கேஸ்கின் தோல்வியை ஒப்புக்கொண்டதை டெட்ராய்ட்டில் யாரும் பார்த்ததில்லை. முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். அவர் பழுது பார்த்த வண்டி வழியில் நின்றுபோனால் குற்றம் ஓட்டுநருடையது. வியாழக்கிழமை மதியங்களில் கனத்த பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டத்துக்குப் போவார். ஒரு கட்டை விழாமல் நின்றுவிட்டால் தரை கோணல். ஆள் அந்தக் கட்டையைவிட ஒல்லி என்பதைக் கூட்டாளி லென் பியாசெக் வாரம் தவறாமல் சொல்லிக்காட்டுவார்.

லென் போலந்து வழிவந்த வெள்ளையர். அதே பணிமனை, அதே வயது, மாமாவைப் போல இரண்டு மடங்கு உடம்பு. இருவருக்கும் ரத்த அழுத்தம், இருவருக்கும் சிறுநீரகம் பழுது. அதிலும் போட்டி.

2018 மார்ச்சில் ஒரே நாளில், ஒரே கிளினிக்கில் ரத்தம் கொடுத்தார்கள். கிரியேட்டினின் என்கிற கழிவு இருவருக்கும் மூன்றரை. அதை வைத்துச் சிறுநீரகம் ஏறக்குறைய நூற்றுக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு சூத்திரம் சொல்லும். அறிக்கையில் இரண்டு வரிகள்: கறுப்பினத்தவரானால் 21, மற்றவரானால் 18. கறுப்பர்களுக்குத் தசை அதிகம், அதனால் ரத்தத்தில் அந்தக் கழிவும் இயல்பாகவே அதிகம் என்று யாரோ நம்பியதால் வந்த கூடுதல் அது. ஒல்லிக்குச்சி மாமாவுக்குத் தசையை வாரி வழங்கிய ஒரே ஆள் அந்தச் சூத்திரம்தான்.

"பாத்தியாடா? நான் இருவத்தொண்ணு, நீ பதினெட்டு!" என்றார் மாமா.

"உன் உடம்புல தசை எங்கடா இருக்கு? நாக்குலயா?"

மாமா இரண்டு அறிக்கைகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஆட்டக்கூடத்தின் மதிப்பெண் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் குத்திவைத்தார். அந்த வாரம் லென் பந்தில் தோற்றாரோ இல்லையோ, சிறுநீரகத்தில் தோற்றார்.

மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் சேர இருபது அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். பதினெட்டு எடுத்த லென் அந்த வசந்தத்திலேயே சேர்ந்தார். 2020இல் அவருக்குச் சிறுநீரகம் கிடைத்தது. இருபத்தொன்று எடுத்தவரிடம் டாக்டர், "இன்னும் நேரம் இருக்கு" என்றார். மாமா அதைப் பாராட்டுப் பத்திரமாக எடுத்துக்கொண்டு டாக்டர் பக்கம் போவதையே விட்டுவிட்டார். 2021 ஜனவரியில் சமையலறையில் சுருண்டு விழுந்தார். டயாலிசிஸ் தொடங்கிய அன்றிலிருந்துதான் அவருக்கு வரிசை எண்ணப்பட்டது.

2023இல் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. இனத்தைச் சேர்த்த பழைய சூத்திரம் தவறு. அதனால் தாமதமான கறுப்பின நோயாளிகள் பழைய ரத்தப் பரிசோதனையைக் காட்டினால், காத்திருந்த காலம் பின்தேதியிட்டுத் திருத்தப்படும். மாமாவின் கிளினிக் மூடிப் பல நாளாகிறது. அதன் கோப்புகள் வெள்ளத்தில் ஊறிப் போயின. மிஞ்சியிருந்த ஒரே சான்று பலகையில் தொங்கிய காகிதம். அதை எடுக்க மாமா விடவில்லை.

"இன்னும் நாலு வருஷம் அந்த மெஷின்ல கிடக்கப் போறியா?" என்று அம்மா கத்தினாள். மாமாவின் தங்கை அவள், பெயர் ஒடேசா. "காகிதத்தை எடுத்துக் குடுண்ணே!"

"எடுத்தா லென்கிட்ட தோத்ததா ஆயிடும் ஒடேசா. நான் வாங்கின மார்க்க இவனுங்க எப்படிக் குறைப்பானுங்க?"

நான் சிரித்தேன். ஆனால் அதிகம் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், படித்தது நர்சிங். இரண்டாம் ஆண்டுத் தேர்வில் இதே சூத்திரம் வந்தது. நோயாளி கறுப்பர் என்று எழுதியிருந்தது. கறுப்பருக்கான கூடுதல் எண்ணால் விடையைப் பெருக்கினேன், முழு மதிப்பெண். ஏன் பெருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டால், இங்கே இருக்கத் தகுதியில்லாதவள் என்று தெரிந்துவிடுமோ என்ற பயம். என் மாமாவின் ரத்தத்தைத்தான் பெருக்கினேன் என்று அன்று தோன்றவே இல்லை. அவருடைய பெருமையில் எனக்கும் பங்குண்டு.

அடுத்த வியாழக்கிழமை ஆட்டக்கூடத்துக்குப் போனேன். மாமா பலகைக்கு முன்னால் கைகட்டிக் காவல் நின்றார், பக்கத்தில் லென்.

"வாங்க பட்டதாரியம்மா. உங்கம்மா அனுப்பினாளா?"

"நானே வந்தேன் மாமா. புதுச் சூத்திரத்துல போட்டுப் பாக்கட்டுமா? அதுல இனமே கிடையாது. வயசு, ஆணா பெண்ணா, அந்த மூணரை. அவ்வளவுதான்."

காகிதத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். மாமாவுக்குப் பத்தொன்பது வந்தது. அவர் முகம் சுருங்கியது.

"அப்படின்னா இவனுக்கு?" என்று லென்னைக் காட்டினார்.

"அதே ரத்தம், அதே வயசு. அவருக்கும் பத்தொம்போதுதான்."

"என்னது? இவனுக்குக் கூடிடுச்சா?"

"ஒரு பாயிண்ட் எனக்கு வந்திருக்குடா," என்றார் லென். "குடுத்தா வாங்கிக்கணும்." பிறகு பலகையைப் பார்த்தபடி, குரலை இறக்கிச் சொன்னார்: "ரெண்டு பேர் ரத்தமும் ஒண்ணுன்னு இங்கதானே எழுதியிருக்கு. அஞ்சு வருஷமா பாத்துக்கிட்டு நிக்கிறேன். நான் வரிசைல நின்ன அன்னிக்கே நீயும் நின்னிருக்கணும். எனக்கு அது உறைக்கவே இல்ல. சும்மா சிரிச்சுக்கிட்டே இருந்துட்டேன்."

மாமா கட்டியிருந்த கையை எடுத்து, பலகையிலிருந்த இரண்டு மூன்றரைகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப சமம்னு எழுது," என்றார் கடைசியில். "பெருசா எழுது. தோத்தேன்னு எவனும் சொல்லக் கூடாது."

எழுதினேன். குண்டூசிகளைப் பிடுங்கியவர் மாமாதான். தன் காகிதத்தை மடிக்காமல் என் கையில் வைத்தார்.

எட்டு வாரம் கழித்து, ஆட்டக்கூடத்தில் மாமா பந்து வீசும் முறைக்காகக் காத்து நின்றபோது, மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். எங்களுக்கும் கேட்கட்டும் என்று மாமா கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டார். அவருடைய தேதி இனி 2018 மார்ச். இரண்டு வருடம் பத்து மாதம் திரும்பக் கிடைத்திருந்தது.

"அப்ப எனக்கு முன்னால எத்தனை பேரும்மா?"

"எண்ணிக்கை சொல்ல முடியாதுங்க ஐயா. ஆனா ரொம்ப மேல வந்துட்டீங்க. ராத்திரி பகல் எப்ப வேணா கூப்பிடுவோம். போனை அணைச்சுடாதீங்க. எடுக்கலன்னா அடுத்தவருக்குப் போயிடும்."

அன்றிலிருந்து அந்தக் கைப்பேசி முழுச் சத்தத்தில் அவர் சட்டைப்பையிலேயே கிடக்கிறது. போன வியாழக்கிழமை பந்தை வீசக் கையை ஓங்கியபோது மணி அடித்தது. பந்து பக்கத்துப் பள்ளத்தில் விழுந்தது. மாமா எண்ணைக்கூடப் பார்க்காமல் எடுத்து, "ஹோசியா கேஸ்கின்தான் பேசறேன், இதோ கிளம்பிட்டேன்!" என்றார்.

தூணுக்குப் பின்னாலிருந்து லென் எட்டிப் பார்த்தார், காதில் கைப்பேசியோடு.

மாமா பந்தைத் தூக்கி லென் மேல் எறிவார் என்றுதான் நான் நினைத்தேன். அவரோ கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு கழிப்பறையைப் பார்த்து நடந்தார்.

"கதவைச் சாத்திக்கறேன். இன்னொரு தரம் அடிடா லென். உள்ள இருந்தா கேக்குதான்னு பாக்கணும்."