ரேடியோவுக்கு மிஞ்சிய ஒரு சொல்

பட்டறையில் அவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். எஞ்சினுக்குள் தலையை விட்டால் கை ஒரு பக்கம் வேலை பார்க்கும், வாய் ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். காரை விட்டுவிட்டுப் போக வந்தவர்கள், கதை முடியட்டும் என்று நின்று, அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் மகா கஞ்சன். யார் எதைச் சொன்னாலும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். "மழை பெய்யுதுங்க" என்றால், "இதுக்குப் பேரு மழையா? தூறல்" என்பார். "இவர் வாயிலேருந்து ஒரு 'சரி'ய வாங்குறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிடும்" என்று அவருடைய மனைவி சொல்வார்.

அந்த அம்மாவுக்கு ஊருக்கு வெளியே லாரி எடைமேடையில் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, லாரி மேடையில் ஏறி நின்றதும் எடையைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். லாரிக்காரர்களுக்கு அவர் எடைமேடை அக்கா. ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டு வரும் டிரைவர்களை, "சிரிச்சது போதும், பின்னாடி ஏத்து" என்று திருப்பி அனுப்புவார். பேச்சை நம்புவதில்லை, மேடை காட்டுவதைத்தான் நம்புவேன் என்பது அவருடைய பெருமை.

ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்த ரேடியோ, வாஷ்பேசினைப் பிடித்தபடியே கீழே சாய்ந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. உயிர் தப்பியது. வலது கை மடங்கியபடி நின்றுவிட்டது. வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். பேச்சு சுத்தமாகப் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. அது 'சரி'.

பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி. எழுதச் சொல்லிப் பலகை கொடுத்தால் இடது கையால் கிறுக்குவார். அவருக்கே அது புரியாமல் பலகையைத் தள்ளிவிடுவார். தலையாட்டுவதையும் நம்ப முடியாது. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே ஆமாம் என்று ஆட்டுவார்கள், இந்த நோயில் அப்படித்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கேட்டுக்கொண்டார் அக்கா. ஆனால் கேட்டதை வைத்துக்கொண்டு ஒரு வீட்டை எப்படி நடத்துவது? "பட்டறைய கம்பிகிட்டயே விட்டுடலாமாங்க?" என்று கேட்டார். கம்பி என்பவர் ரேடியோவிடம் பல வருடம் வேலை பார்த்த மெக்கானிக், ஒல்லி உடம்பு. அன்று அவரும் அங்கேதான் நின்றிருந்தார். "சரி" என்றார் ரேடியோ. பட்டறை கம்பியின் கைக்குப் போனது.

வீட்டில் மிஞ்சியது அவர்களுடைய பழைய சின்ன கார். அக்கா நடுவயதைத் தாண்டி அதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, ரேடியோவை ஆஸ்பத்திரிக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போய்வந்தார். பயிற்சி தரும் டாக்டரம்மா படங்களைக் காட்டி, "இது என்ன?" என்பார். கோப்பையும் "சரி". பூனையும் "சரி".

ஒரு நாள் டாக்டரம்மா சொன்னார்: "வீட்டுல அவருக்குப் பழக்கமான வேலை எதையாவது அவர் முன்னாடி செய்ங்க. கை பழகின விஷயத்தோட சில சமயம் வார்த்தையும் ஒட்டிக்கிட்டு வரும். உறுதியா சொல்ல முடியாது. முயற்சி பண்ணிப் பாருங்க."

உறுதியா சொல்ல முடியாது என்ற பகுதி அக்காவின் காதில் விழவில்லை.

அப்போதுதான் காரும் கத்த ஆரம்பித்திருந்தது. கிளப்பும்போதெல்லாம் பெல்ட் கீச்சென்று அலறும். கம்பி வந்து எட்டிப் பார்த்தார். எஞ்சினின் கிராங்க் தண்டு முனையில் இருக்கும் புல்லிதான் பெல்ட்டைச் சுற்றுகிறது. அந்தப் புல்லிக்குள் இருந்த ரப்பர் வெடித்து, அது தள்ளாடிக்கொண்டிருந்தது.

"கம்பெனி புல்லி இப்ப வர்றதே இல்ல அண்ணி. வெளி மார்க்கெட்ல வேற ஒண்ணு கிடைக்குது. வாங்கி வைங்க, ஞாயித்துக்கிழமை வந்து மாட்டிக் குடுத்துடறேன்."

"நீ வர வேணாம் கம்பி. நாங்களே மாட்டிக்கிறோம்."

"நாங்களேன்னா?"

"நானும் உங்க அண்ணனும்."

கம்பி ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ "சரி" என்றார். கம்பி சிரித்துவிட்டு, "அண்ணன் பக்கத்துல இருந்தா எனக்கென்ன கவலை" என்று பெரிய ஸ்பேனரையும், நீளக் குழாயையும், புல்லியைக் கழற்றும் கருவியையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டின் கீழே கார் நிற்கும் இடத்தில் இரண்டு பேரும் இறங்கினார்கள். அக்கா ஜாக்கி போட்டுத் தூக்கி, இரும்புத் தாங்கிகளை வைத்து, முன்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே இருந்த பிளாஸ்டிக் மறைப்பையும் எடுத்ததும் புல்லி தெரிந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு ரேடியோவை உட்கார வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, "இது என்னங்க? சொல்லுங்க. ஸ்பே... ஸ்பே..." என்றார். ரேடியோ, "சரி" என்றபடி அவர் கையில் இருந்த ஸ்பேனரைத் திருப்பிப் பிடிக்க வைத்தார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைகீழாகத்தான் பிடித்திருந்தார்.

நடு போல்ட்டைத் திருகினால் எஞ்சினும் சேர்ந்து சுற்றும். அது சுற்றாமல் இருக்க, காரை டாப் கியரில் போட்டு யாராவது பிரேக்கை மிதித்துக்கொள்ள வேண்டும். ரேடியோவே எழுந்தார். காலை இழுத்துக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இடது கையால் கியரைத் தள்ளினார். இடது காலால் பிரேக்கை மிதித்தார். நோய் வந்த பிறகு அவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தது அன்றுதான். அக்கா ஸ்பேனரில் குழாயைச் செருகி, மொத்த உடம்பையும் அதன்மேல் போட்டார். டக்கென்று போல்ட் விட்டது. அக்கா பின்பக்கமாகத் தரையில் விழுந்தார்.

"சரி!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"விழுந்தவளுக்குச் சரியா? இருங்க வரேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நாளாகியிருந்தது. அந்தச் சிரிப்பில் அக்கா நிறைய நம்பிவிட்டார்.

பழைய புல்லி வந்ததும் அதைத் துணியில் பிடித்து ரேடியோவின் மடியில் வைத்தார். "இந்தாங்க, உங்க ஆளு. பாருங்க. என்னன்னு சொல்லுங்க." ரேடியோ அதைத் திருப்பிப் பார்த்தார். நடு ஓட்டையைச் சுற்றி அப்பியிருந்த அழுக்கை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். அக்கா புதுப் புல்லியை எடுத்துத் தண்டில் செருகினார். அலுமினியம், பளபளவென்று, ரப்பரே இல்லாத ஒரே வார்ப்பு. போல்ட்டைக் கையால் முடுக்கிவிட்டு, "இறுக்கப் போறேன், பிரேக்கை மிதிங்க" என்றார்.

ரேடியோ மிதிக்கவில்லை. எட்டிப் பார்த்த அக்காவின் முகத்துக்கு நேராகப் பழைய புல்லியை நீட்டி, "சரி, சரி, சரி" என்றார்.

"சரிதான். மிதிங்க."

"சரி! சரி!" விரலால் புல்லியின் நடுவைக் குத்தினார்.

அக்கா, "ஆமா, பழசு. தூக்கிப் போட்டுடலாம். இப்ப மிதிங்க" என்றார். ரேடியோ பிரேக்கிலிருந்து காலை எடுத்து வெளியே வைத்துவிட்டார். அக்கா கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். கடைசியில் ஒரு கட்டையைத் தேடி எடுத்துவந்து, பிரேக்குக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்தார். கணவருடைய காலுக்குப் பதில் கட்டை. குழாயைப் போட்டு இறுக்கினார். இனி ஒரு நூல்கூட நகராது என்று கை சொல்லும்வரை இறுக்கினார். எழுந்து, "முடிஞ்சுது. எப்படி என் இறுக்கு?" என்று தோளைத் தொட்டபோது ரேடியோ அந்தக் கையை ஓங்கி அடித்தார்.

"உங்களுக்காகத்தானே இதெல்லாம் பண்றேன்!" என்று கத்தினார் அக்கா. "ஒரு வார்த்தை வருமான்னுதானே நாய் மாதிரி மண்ணுல கிடக்கேன்!"

ரேடியோ அழுதார். இந்த நோயில் சும்மாவே அழுகை வரும், பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அக்கா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புல்லியை அவர் கையிலிருந்து பிடுங்கிப் பழைய சாமான் பெட்டியில் போட்டு மூடினார்.

கார் சத்தமில்லாமல் கிளம்பியது. கம்பிக்குப் போன் போட்டு, "கேளு, காது குடுத்துக் கேளு, மூச்சு விடல பாரு!" என்று எஞ்சின் பக்கம் போனை நீட்டினார். ஆனால் ரேடியோ அதன் பிறகு காரில் ஏற முரண்டு பிடித்தார். ஏற்றி உட்கார வைத்தால் வழி முழுக்கக் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்திருப்பார். பயம் வந்துவிட்டது போல என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

சில வாரங்கள் ஓடின. ஒரு நாள் பயிற்சிக்குப் போகிற வழியில், காரின் முன்னால் யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம். ரேடியோ டேஷ்போர்டை அறைந்தார். "சரி! சரி!" பேட்டரி விளக்கு எரிந்தது. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. ஆஸ்பத்திரி வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. "இதோ வந்தாச்சுங்க, இதோ" என்று அக்கா ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். வாசலுக்கு முன்பே அடியில் ஏதோ உடைந்து, கார் நின்றது.

கம்பி கயிறு கட்டி இழுத்து வந்தார். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே பார்த்தார்.

"கிராங்க் தண்டோட மூக்கே போச்சு அண்ணி. புல்லி ஆடி ஆடி, அதைத் தண்டோட பிடிச்சிருக்கிற சாவித்துண்டு வெட்டுப்பட்டு, தண்டையே தின்னுடுச்சு. எஞ்சினை முழுசாப் பிரிக்கணும். இந்த வண்டிக்கு அது ஆகாத வேலை."

"அவ்வளவு இறுக்கினேனே கம்பி!"

"தடி வாஷர் போட்டீங்கல்ல?"

"எந்த வாஷர்?"

"பழைய புல்லி நடுவுல ஒரு தடி வாஷர் இருக்கும். அதை எடுத்து இதுல போட்டுத்தான் போல்ட்டை முடுக்கணும். அது இல்லாம போட்டா போல்ட் உள்ள போய் அடியில முட்டி நின்னுடும். கைக்கு இறுகுன மாதிரியே இருக்கும். ஆனா புல்லியைப் பிடிச்சிருக்காது." கம்பி நிமிர்ந்து பார்த்தார். "ஏன் அண்ணி, அண்ணன் பக்கத்துலதானே இருந்தாரு? அவர் சொல்லலியா?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா பெட்டியைத் திறந்து பழைய புல்லியை எடுத்தார். புல்லியின் உடம்பு போலவே துருவும் எண்ணெய் அழுக்கும் அப்பி, நடுவில் ஒட்டியிருந்தது வாஷர். அதன் விளிம்பைச் சுற்றி மட்டும் அழுக்கு இல்லை. ஒரு கை நகங்கள் சுரண்டிய கோடுகள் வட்டமாகப் பளிச்சென்று தெரிந்தன. இன்னொரு கை இருந்திருந்தால் நெம்பி எடுத்திருப்பார்.

புல்லியோடு மாடிக்கு ஏறினார் அக்கா. ரேடியோ கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சொன்னீங்க" என்றார் அக்கா. "சொல்லிக்கிட்டேதான் இருந்தீங்க. எனக்குத்தான் விளங்கல."

ரேடியோ அவரைப் பார்த்து, "சரி" என்றார். மன்னித்தாரா, ஏசினாரா, யாருக்குத் தெரியும்?

கார் போனது அக்காவுக்குப் பெரிதாக இல்லை. வேறொன்றுதான் அவரை உட்காரவிடாமல் அரித்தது. அதுவரை, பாதி ஆள் போய்விட்டார், மிச்சம் இருப்பவருக்குப் பாதிதான் புரிகிறது என்று ஒரு ஆறுதல் வைத்திருந்தார். அந்த ஆறுதல் அன்றோடு போயிற்று. உள்ளே முழு ஆளாக, பழைய வாயாடியாக, எல்லாம் தெரிந்தவராக அவர் உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால் இத்தனை நாள் சொன்ன 'சரி'களில் எது சரி? உப்பு போதுமா என்று கேட்டபோது? கதவைச் சாத்தட்டுமா என்றபோது? பட்டறையை விட்டுவிடலாமா என்றபோது? எடைமேடைக் கூண்டில் உட்கார்ந்து அக்கா ஒவ்வொன்றாக யோசித்தார். மேடைமேல் நின்ற லாரி ஹாரன் அடித்தது. "அக்கா, தூக்கமா?" என்றார் டிரைவர்.

கம்பியைக் கூப்பிட்டு, "பட்டறைய திரும்ப எடுத்துக்கலாமா கம்பி?" என்று ஒரு முறை கேட்டார். அதற்குள் கம்பி அதில் வேறு ஒருவரைக் கூட்டுச் சேர்த்திருந்தார். "அண்ணன் அன்னிக்கு என் முன்னாடியே சரின்னாரே அண்ணி" என்றார் பாவமாக. அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

காரைக் கழிவு இரும்புக்குக் கொடுத்தார்கள். பயிற்சிக்குப் பஸ்ஸில் போக முயன்றார்கள். முதல் நாளே ரேடியோவின் கால் படியில் சிக்கி, ஏறியவர்கள் எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். டாக்டரம்மாவிடம் போனில் கேட்டபோது, "இவ்வளவு மாசம் ஆயிடுச்சும்மா, இனிமே புதுசா வர்றது கஷ்டம்தான். அடிக்கடி வரணும்னு இல்ல" என்றார். அதன் பிறகு போகவில்லை.

இப்போது அக்கா அவரை எதுவும் கேட்பதில்லை. சட்டையைத் தானே எடுத்து வைக்கிறார், தட்டில் தானே போடுகிறார், விளக்கைத் தானே அணைக்கிறார். போன மாதம் வீட்டை மாற்றவேண்டி வந்தது. மாடிப்படி இல்லாத ஒரு வீட்டைத் தானே போய்ப் பார்த்து முடித்துவிட்டு வந்தார். சாமான் ஏற்ற வந்த கம்பி, "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா அண்ணி?" என்றார்.

"கேக்கல" என்றார் அக்கா, பாத்திர மூட்டையைக் கட்டிக்கொண்டே. "கேட்டா பதில் சொல்வாரு. அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

பக்கத்து அறையில் ரேடியோ செருப்பை ஒற்றைக் கையால் மாட்டிக்கொண்டிருந்தார். வண்டி வந்துவிட்டது என்று அக்கா கையைக் காட்டினார். அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்க ஆரம்பித்தார்.