எண்பது ஜி ரசீதும் ஆபீஸ் மேடமும்

எம்.ரெட்டியபட்டியில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது பள்ளியின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. ‘நமது அலுவலகக் கண்காணிப்பாளர் நாகரத்தினம் அம்மையார் இன்று காலை மாரடைப்பால் இயற்க்கை எய்தினார்.’ இயற்கையில் ஒரு ‘க்’ கூடுதலாக இருந்தது. இருபது வருடத் தமிழாசிரியன் கண்ணில் முதலில் அந்தப் பிழைதான் பட்டது, அதற்கு அப்புறம்தான் பெயர் பட்டது. இதற்காக நான் இன்னமும் வெட்கப்படுகிறேன். கண்டக்டர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே நின்றார்.

அவரை நாகரத்தினம் என்று பெயர் சொல்லி நம்மில் யார் அழைத்தோம்? எல்லோருக்கும் அவர் ஆபீஸ் மேடம். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், வீட்டில் கன்னடம் பேசுவார். வெளியே வந்தால் நம்மையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற அருப்புக்கோட்டைத் தமிழ். பிள்ளைக்குக் கட்டணம் கட்ட வந்த உங்களில் பலர் அவருடைய ஜன்னலுக்கு முன்னால் கால் கடுக்க நின்றிருப்பீர்கள், திட்டும் வாங்கியிருப்பீர்கள். நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் வாங்கியே தீரவேண்டிய ஒரு திட்டை மட்டும் அவர் எனக்குக் கொடுக்கவே இல்லை. அதைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

எங்களுடையது தனியார் பள்ளி. கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்காக ஓர் உதவித்தொகை அறக்கட்டளை வைத்திருக்கிறோம். வசதி உள்ளவர்கள் அதற்கு நன்கொடை தருவார்கள், மேடம் அவர்களுக்கு எண்பது ஜி ரசீது தருவார். அந்த ரசீதைக் காட்டினால் கொடுத்ததில் பாதியை வருமானத்திலிருந்து கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வரி. ஏப்ரலில் ஏறெடுத்தும் பார்க்காதவர்கள் மார்ச் மாதக் கடைசியில் பள்ளியைத் தேடி வருவார்கள். “மார்ச்சு வந்துட்டா நம்ம ஊருக்காரவுகளுக்குத் தர்ம சிந்தனை பொங்கி வழியும் ஐயா” என்பார் மேடம். சொல்லிவிட்டுச் சிரிக்காமல் ரசீதுப் புத்தகத்தை எடுப்பார்.

அவரிடம் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றில் கொடுத்தவர்கள், இன்னொன்றில் படிக்கிற பிள்ளைகள். இரண்டையும் ஒரே நேரத்தில் மேசைமேல் வைக்கவே மாட்டார். ஒன்றை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மற்றதை எடுப்பார். யாருடைய பணத்தில் யார் படிக்கிறார்கள் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியாது. ஒருமுறை தாளாளர், நன்கொடையாளர்களைப் பிள்ளைகளோடு நிற்க வைத்துப் படம் எடுக்கலாமே என்றார். மேடம் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “சந்தையில மாடு புடிக்கிற மாதிரி பல்லப் பாத்துத்தான் குடுப்பாகளாமா?” தாளாளர் அதற்குப் பிறகு படத்தைப் பற்றிப் பேசவில்லை.

அந்த இரண்டு கோப்புகளையும் ஒன்றாக்கியவன் நான்தான்.

குமாரலிங்கபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மானாவாரி ஊரிலிருந்து ஒரு பெண் எங்களிடம் படித்தாள். அவளை இங்கே செல்வி என்று குறிப்பிடுகிறேன், ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. எனக்குப் பிடித்த மாணவி. ஆண்டு விழாவுக்கு எங்கள் பெரிய நன்கொடையாளர் ஒருவர் தலைமை தாங்கினார். ஊரில் எல்லோரும் அவரை முதலாளி என்பார்கள். உதவித்தொகை பெறும் பிள்ளைகள் சார்பில் செல்வி நன்றி சொல்வது என்று முடிவாயிற்று. எழுதிக் கொடுத்தது நான். என் தமிழின்மேல் எனக்கிருந்த திமிரைக் கேட்க வேண்டாம். நம் பக்கத்தில் மேடை ஏறுகிறவர் இன்ன ஊர், இன்னார் மகள் என்று சொல்லித்தானே ஆரம்பிக்க வேண்டும்? ஊரும் தகப்பன் பேரும் இல்லாத நன்றி என்ன நன்றி? இரண்டையும் முதல் வரியிலேயே மோனையோடு கோத்துக் கொடுத்தேன். பிள்ளை கணீரென்று வாசித்தாள். கைதட்டல் ஓய்வதற்குள் முதலாளி பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். மேடம் கடைசி வரிசையில் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் முதலாளி ஏற்கெனவே இருபது ஏக்கர் வாங்கிப் போட்டிருந்தார். ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்ற பேச்சில் அந்தப் பக்கம் நிலத்துக்கு விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். ஆனால் அவருடைய இருபது ஏக்கருக்குத் தார் ரோட்டிலிருந்து போக வழி இல்லை. வழியை மறித்துக்கொண்டு கிடந்த ஒன்றரை ஏக்கர் செல்வியின் அப்பாவுடையது. கேட்ட போதெல்லாம் அவர் தரமாட்டேன் என்றே சொல்லியிருந்தார். அவருக்கு இருந்ததே அவ்வளவுதான். அதில்தான் பருத்தியும் கம்பும் போட்டுக் குடும்பம் நடந்தது.

விழா முடிந்த மூன்றாம் வாரம் முதலாளி பழத்தட்டோடு அந்த வீட்டுக்குப் போனார். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “நம்ம பிள்ளை நல்லாப் படிக்குதாமே” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அது போதுமானதாக இருந்தது. மறுவாரம் செல்வியின் அப்பா தானாகவே ஆள் அனுப்பி, நிலத்தைத் தருகிறேன் என்றார். பழைய விலைக்கே. பூங்காப் பேச்சு வருவதற்கு முந்தைய விலைக்கு.

நானும் மேடமும் அவரைப் பார்க்க ஷேர் ஆட்டோவில் போனோம். நம் பக்கத்துச் செய்முறை உங்களுக்குத் தெரியும். ஒருவர் நம் வீட்டு விசேஷத்தில் செய்தால், அவர் வீட்டு விசேஷத்தில் ஒரு படி கூட்டித் திருப்பிச் செய்தாக வேண்டும். செய்யாதவன் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. செல்வியின் அப்பா மகளின் படிப்பை அந்த வரிசையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

“அவுக நம்ம புள்ளைக்குச் செஞ்சிருக்காக. யாருன்னு தெரியாத வரைக்கும் சரி. தெரிஞ்ச பெறகு திருப்பிச் செய்யலேன்னா என்னைய மனுசன்னு மதிப்பாகளா?” என்றார்.

“இது செய்மொறை இல்லய்யா” என்றார் மேடம். “அவுக குடுத்ததுக்கு நான் ரசீது குடுத்துட்டேன். அதக் காட்டி வரியில கழிச்சுக்கிட்டாக. சர்க்காரு அவுகளுக்குத் திருப்பிச் செஞ்சாச்சு. நீங்க எதுக்கு ரெண்டாந்தடவ செய்யுறீக?”

நான் மனசுக்குள் மேடத்துக்குக் கை தட்டிவிட்டேன். அந்த மனிதர் சொன்னார்: “சர்க்காரு செஞ்சது சர்க்காரு மொறை. எம் மொறை எங்க போகும் தாயி?”

மேடம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அடுத்து முதலாளியிடம் போனோம். அவர் காபி வரவழைத்துக் கொடுத்தார். “நான் இன்னைக்கு வெலயே தாரேன்னுதான் மேடம் சொன்னேன். அந்தாளுதான் வேண்டாங்கிறாரு. குடுக்குறவரு மனச நான் எப்பிடி நோகடிக்க?” என்றார். மேடம் ரசீதின் நகலை எடுத்து அவர் முன்னால் வைத்தார். எந்தப் பிரதிபலனும் கருதாமல் தருகிறேன் என்று அதன் அடியில் அவருடைய கையெழுத்து இருந்தது. அவர் அதைப் பொறுமையாக வாசித்தார். “நான் எதையும் கருதலையே மேடம், அதுவா வருது” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நன்கொடைக்குப் பிரதிபலனாக நிலம் கை மாறுகிறது என்று மேடம் வருமான வரி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பிழை பார்க்க என்னிடம் தந்தார். பிழையே இல்லை. அதை அனுப்பினால் என்ன ஆகும் என்பதையும் அவரே சொன்னார். விசாரணைக்கு வருவார்கள். அறக்கட்டளையின் எல்லாக் காகிதங்களும் வெளியே போகும். நன்கொடை தருகிறவர்கள் ஒவ்வொருவராக நழுவுவார்கள். எண்பது ஜி அனுமதியே போனாலும் போகும். செல்வியோடு சேர்த்து அத்தனை பிள்ளைகளும் டி.சி. வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அனுப்பாவிட்டால் ஒரு மனிதரின் நிலம் போகும். “எந்தப் பக்கம் திரும்பினாலும் செவுரா இருக்கு ஐயா. நீங்களே சொல்லுங்க, தபால்ல போடவா?” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. கோழை என்று என்னை யாரும் திட்டலாம், திட்டுங்கள். ஒரு வாரம் கழித்து அவரே அதை நான்காகக் கிழித்தார். பத்திரப் பதிவு முடிந்தது. செல்வியின் அப்பா இப்போது அதே நிலத்துக்குக் காவல்காரர்.

அந்த ஒரு வாரத்தில் ஒருநாளாவது, “உங்களால வந்தது ஐயா” என்று மேடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

செல்விக்கு விஷயம் தெரியக் கூடாது என்று மேடம்தான் முடிவு செய்தார். தெரிந்தால் மறுநாளே படிப்பை விட்டுவிடுகிற பெண் அவள். “பன்னெண்டாவது பரீட்ச முடியட்டும். அதுவரைக்கும் இது நம்ம ரெண்டு பேரு தொண்டையிலயே கெடக்கட்டும்” என்றார். கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே சொல்லித் தந்தார். போர் போட வாங்கிய லோனு கட்ட முடியவில்லை, அதனால் விற்றார். அவ்வளவுதான். பரீட்சை முடிந்தது. நல்ல மதிப்பெண். கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்லூரிக் கட்டணத்தையும் அதே முதலாளிதான் ஏற்றுக்கொண்டார், இந்த முறை பெயரைச் சொல்லியே. மறுக்கலாம் என்றால் கொடுத்த நிலம் திரும்பி வரப்போவதில்லை, பிள்ளையின் படிப்பும் நின்றுவிடும். “இன்னும் மூணு வருசம் ஐயா” என்றார் மேடம். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசவில்லை.

மேடத்தின் துட்டி வீட்டுக்குச் செல்வி வந்திருந்தாள். மாலை போட்டுவிட்டு, பந்தலுக்கு வெளியே நின்றிருந்த என்னிடம் வந்தாள்.

“சார், ஒண்ணு கேக்கணும். எங்கப்பா ஏன் சார் நெலத்த வித்தாரு?”

“போர் போட வாங்குன லோனு கட்ட முடியலம்மா, அதான் வித்தாரு” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். “போன மாசம் மேடத்துக்கிட்டயும் கேட்டேன் சார். அவுகளும் இதத்தான் சொன்னாக. ஒரு வார்த்த மாறல. எங்க பருத்திக் காட்டுல போரே கிடையாது சார்.”

“சரி சார், வாரேன்” என்று அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நாகரத்தினம் மேடத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பொய் ஒன்றுதான். அவரும் நானும் சேர்ந்து சுமந்தது. அவர் தன் பாதியையும் என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை செல்வியின் ஊருக்குப் போய், நடந்ததை அவளிடம் சொல்லலாம் என்றிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் இருந்தேன்.